சம்பந்தம் பேசப் பரங்கிமலை ஏறியது

என் மகள் தனக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது நான் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவுக்கு சூப்பர்வைசர் நான். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார், சேலை படுத்திருக்கும், நாங்கள் நின்றுகொண்டிருப்போம். அதனால் விடுமுறை நாளில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கல்லுப்பு போட்ட வெந்நீரை ஊற்றி அதில் கால்களை ஊறவைப்பது என் வழக்கம். அந்த அரைமணி நேரம் நான் எழுந்து எங்கேயும் போக முடியாது. மகள் இதை யோசித்துத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"அப்பா, என்கூட வேலை பாக்குற பையன். சாந்தோம்."

"சாந்தோம்ல எங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி."

"பின்னாடி இருக்கிறவங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போவாங்கன்னு இல்லையே."

"இவங்க போவாங்கப்பா."

நான் தண்ணீரைப் பார்த்தேன். "வெந்நீர் ஆறிப்போச்சு" என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து இன்னொரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். அன்றைக்கு அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதன்பிறகு ஒரு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. கடையிலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டு சுவரோரம் காலை நீட்டிப் படுத்துக்கொள்பவன் நான். கோபத்தில் பேசாமல் இருப்பதற்கும் அசதியில் பேசாமல் இருப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது. கடைசியில் நானே மனைவியிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் ஒரு வாரமா கோவமா இருக்கேன்."

"அப்படியா?" என்றாள். கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். "எனக்குப் பையனைப் பிடிச்சிருக்கு. போன்ல காட்டினா. பல்லு வரிசையா இருக்கு."

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமான புதிதில் மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் குடிவந்தோம். அதே சந்தில் வீடு மட்டும் மாறியிருக்கிறோம். கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கல்யாணச் சேலைக்கு வருவார்கள். சந்தனமும் வெள்ளையும் தந்த நிறமும் கேட்பார்கள். மதங்களைப் பற்றிய என் அறிவு பெரும்பாலும் நிறங்களில்தான் இருந்தது. அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வரும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டு குடும்பமும் சந்தித்துப் பேச வேண்டும் என்று ஆனபோது எங்கே சந்திப்பது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனால் நான் சம்மதித்துவிட்டதாக ஆகிவிடும். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி கொடுக்க வேண்டும். காபி கொடுத்தால் பாதி சம்மதம். கபாலீசுவரர் கோயிலுக்கு அவர்களை அழைப்பது முறையில்லை. சாந்தோம் சர்ச்சுக்கு நான் போவதும் அப்படித்தான். மெரினாவும் பெசன்ட் நகர் கடற்கரையும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். என் சொந்தக்காரர்கள் வீட்டில் இல்லாவிட்டால் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருப்பார்கள்.

அப்போதுதான் பையனின் அப்பா எனக்கு போன் செய்தார். பட்டினப்பாக்கம் பக்கத்து மீன் கடைகளுக்கு ஐஸ் கட்டி சப்ளை செய்பவர் அவர். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.

"சார், வணக்கம். நான் பையனோட நைனா பேசுறேன். இன்னா சார், எங்க பாக்கலாம்னு நீங்களும் ரோசனை பண்ணிக்கினு கீறீங்க, நாங்களும் ரோசனை பண்ணிக்கினு கீறோம். இதுங்க ரெண்டும் கிழவன் கிழவி ஆயிடப் போவுது. பேசாம பரங்கிமலைக்கு வந்துடுங்க. மாசத்துக்கு ஒரு தபா நான் மேல ஏறுவேன். நல்லா காத்து வரும். ஊர் பூரா தெரியும்."

"அது சர்ச்சுல்லா?"

"சர்ச்சு மேல கீது சார். மலை பொதுதான்."

நான் கொஞ்சம் யோசித்தேன். மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரும் காரணமில்லாமல் ஒரு மலையில் ஏறுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இடம் பாதுகாப்பானது. சரி என்றேன்.

நான் இதைச் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. "வேற எடம் கிடைக்கலயாக்கும்?" என்றாள். "ஏன்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று தண்ணீரை வடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் நான் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டேன். சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால், ஆக வேண்டாம் என்று சொல்லப்போவதாக இருந்தாலும், செருப்போடு நிற்பது சரியில்லை. மனைவி பழைய ரப்பர் செருப்பைப் போட்டாள்.

"நல்லது ஒண்ணு வச்சிருக்கியே?"

"இது வழுக்காது. நீங்களும் அந்த ஷூவைக் கழட்டிட்டு வாங்க. கடிக்கும்."

நான் கழற்றவில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். கிண்டி தாண்டும்போதே ஷூ கடிக்க ஆரம்பித்துவிட்டது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஏதோ டைப் செய்துகொண்டே வந்தாள். பரங்கிமலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

மலையடிவாரத்து நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் அவர்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். பையனின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கறுத்து, இறுகி, ஐஸ் தூக்கிய தோள்கள். பையன் உயரமாக இருந்தான். ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் இன்னொரு கையில் குடையும் வைத்திருந்தான். மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை. யாருக்காவது ஏதாவது தேவைப்படும் என்று எடுத்துவந்திருக்கிறான் என்று புரிந்தது. "வணக்கம் அங்கிள்" என்றான். கடையில் என்னைவிட இளையவர்கள் அண்ணாச்சி என்பார்கள், மூத்தவர்கள் சார் என்பார்கள். அங்கிளாக அன்றைக்குத்தான் ஆனேன்.

பையனின் அம்மா வந்த ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. கனத்த உடம்பு. முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கள் வீட்டில் நான் எப்படியோ அவர்கள் வீட்டில் அந்த அம்மா அப்படி என்பது பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எங்கள் இரண்டு பேருக்கும் இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை.

"மேல போவ ரோடும் கீது, படியும் கீது சார்" என்றார் பையனின் அப்பா. "வூட்டுல அவங்களுக்கு மூட்டு வலி. ரோடு வழியா ஆட்டோலயே வந்துடுவாங்க. நீங்களும் வோணும்னா அதுலயே..."

"படியில போவோம்" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

பையனின் அம்மா ஆட்டோவுக்குள்ளிருந்து என் மகளைக் கூப்பிட்டார். "நீ வாம்மா. என் பக்கத்துல உக்காரு." மகள் என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள். பையன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோவின் பின்னால் போனான். குடை அவன் முதுகில் மாட்டியிருந்தது. இப்படியாகப் படியில் ஏறுவதற்கு நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். நான், என் மனைவி, ஐஸ்காரர்.

நாள் முழுக்க நிற்பவனுக்கு ஏறுவது சுலபம் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு வேலைகள். கொஞ்ச தூரத்திலேயே எனக்கு மூச்சு இரைத்தது. அதைக் காட்டிக்கொள்ள விரும்பாமல் நின்று, ஊர்ப்பக்கம் கையை நீட்டினேன்.

"அது என்ன கட்டடம்?"

"எது சார், அந்த ஒசரமா கீறதா? அது ஏதோ கம்பெனி. அதுக்கு இந்தாண்ட கத்திபாரா பாலம். அதோ, மெட்ரோ போவுது பாருங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு திரும்பி வந்தது. நடந்தோம். அடுத்த முறை மூச்சு வாங்கியபோது மரங்களாகத் தெரிந்த பச்சையைக் காட்டினேன். கிண்டிக் காடு என்றார். அதற்கடுத்து கடலைக் காட்டினேன். அது கடல் என்றார். கொஞ்சம் என்னை உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் கேட்காமலேயே இடைக்கிடை அவரே நின்று, ஒரு தண்ணீர்த் தொட்டியையோ கோபுரத்தையோ காட்டி விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு தடவை ஒரு மொட்டை மாடியில் காயும் துணியைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார். அந்த மனிதர் நல்லவர் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அது எனக்கு வசதியாக இல்லை.

படியோரத்தில் இயேசு சிலுவை சுமந்துபோகும் காட்சிகள் வரிசையாக இருந்தன. ஐஸ்காரர் ஒவ்வொன்றின் முன்னாலும் நெற்றியில், மார்பில் கையைத் தொட்டுக்கொண்டார். நான் ஓர் ஓரமாக நின்றேன். மனைவி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு இரைக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வாங்க, அங்க நிழல் இருக்கும், உக்காரலாம்" என்றாள். அவள் சொன்ன இடத்தில் நிழல் இருந்தது. மரம் இருந்தால் நிழல் இருக்கத்தானே செய்யும் என்று அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நிழலில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே, இத்தனை நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"எங்க பிள்ளைய மதம் மாத்துவீங்களா?"

ஐஸ்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானே உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். எம் பையனை இட்டுக்கினு போயி மொட்டை போட்ருவீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு?"

"இல்ல, எங்க வூட்டம்மா அதுக்குத்தான் பயந்துக்கினு கீது. கல்யாணம் ஆனதும் பழநிக்கு இட்டுக்கினு போயி முடிய எடுத்துருவாங்கன்னு எவளோ சொல்லிட்டா. அவனுக்கு முடி கம்மி சார். எடுத்தா திரும்ப வராது."

பையனின் முன்மண்டையை நானும் கவனித்திருந்தேன். அந்தப் பயம் நியாயமானதாகவே பட்டது. மொட்டை போட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். மதம் மாற்ற மாட்டோம் என்று அவர் வாக்குக் கொடுத்தார். மதப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் தீரும் என்று தெரிந்திருந்தால் நான் போனிலேயே பேசியிருப்பேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஆட்டோ ஏற்கெனவே வந்திருந்தது. வெள்ளையடித்த பழைய சர்ச், அதைச் சுற்றிக் கல் பாவிய முற்றம், மரங்கள். காற்று நிஜமாகவே நன்றாக இருந்தது. பையனின் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மகள் கைகளை மடியில் வைத்து, பரீட்சை எழுதி முடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பையன் குடையோடு தள்ளி நின்றான்.

மெழுகுவத்தி விற்கும் ஒரு பெண்மணி எங்களை நோக்கி வந்தார். எனக்கு விற்க வருகிறார் என்று நினைத்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா, எவ்ளோ நாளாச்சு! ஆளையே காணோம்? முட்டிக்கு எண்ணெய் குடுத்தேனே, தேய்ச்சியா இல்லியா?"

அந்த முற்றத்தில் எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்ந்த எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம்.

"தேய்ச்சேன். வேலை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் மனைவி. அவள் முகம் சிவந்திருந்தது.

"இது யாரு, உன் வூட்டுக்காரரா?" என்று அந்தப் பெண்மணி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை ஷூவில் நின்றது. "அவரையும் இட்டுக்கினு வந்துட்டியா, நல்லது" என்று சொல்லிவிட்டு, ஒரு மெழுகுவத்தியை அவள் கையில் வைத்துவிட்டு வேறு ஆட்களிடம் போய்விட்டார்.

மகள் சாந்தோம் பையனைச் சொன்னபோதுகூட நான் அவ்வளவு திகைக்கவில்லை. "அம்மா, நீ இங்க வருவியா?" என்று மகள் கேட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. மனைவி மெழுகுவத்தியை ஏற்றப் போனாள். ஐஸ்காரருக்கு இந்த மாதிரி நேரங்களில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும் போலிருக்கிறது. "வாங்க, உள்ள போயி கல் சிலுவைய பாக்கலாம்" என்று தன் வீட்டாரையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குள் போய்விட்டார்.

நானும் மனைவியும் விமான நிலையம் தெரியும் பக்கம் போய் உட்கார்ந்தோம். ஓடுபாதை கீழே நீட்டிக் கிடந்தது. ஒரு விமானம் கிளம்பத் தயாராக நின்றது.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"நாளா? வருசமாச்சு. இவ ஸ்கூல் படிக்கையில இருந்து."

"எதுக்கு வந்த?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சமயம் பார்த்து விமானம் கிளம்பியது. எனக்கு உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. "என்ன சொன்ன?" என்றேன். அவள் விமானம் போகும்வரை காத்திருந்து, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி இருந்துச்சு."

பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஊசி போட்டு எடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர சில நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மாடியில் அப்போது குடியிருந்த ஒரு அக்காதான் துணைக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், அழுதுகொண்டே வீட்டுக்குப் போகாதே, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுப் போகலாம் என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்ததாம். அந்த அக்கா பிறகு தாம்பரத்துக்குக் குடிபோய்விட்டது. சோதனையில் ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்தது. முடிவு தெரிந்த அன்றைக்கு இவள் தனியாக வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அதன்பிறகு தோன்றும்போதெல்லாம் வந்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தீபாவளி நேரம்" என்றாள். எங்களைப் போன்ற வீடுகளில் அது முழுமையான பதில். தீபாவளி மாதத்தில் ஜவுளிக்கடைக்காரன் வீட்டுக்கு உறங்க மட்டும்தான் வருவான். "வந்ததும் காலை நீட்டிப் படுத்திருவீங்க. சொன்னா நீங்களும் பயந்துருவீங்க. ரெண்டு பேரும் பயந்து என்ன செய்ய?"

அந்தத் தீபாவளியை ஞாபகப்படுத்திப் பார்க்க முயன்றேன். மயில்கழுத்து நிறச் சேலை அந்த வருஷம் அள்ளிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. அரக்கு பார்டர் வைத்தது முதலில் தீர்ந்துபோனது. இவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். வரவில்லை. மயில்கழுத்துதான் திரும்பத் திரும்ப வந்தது.

"ஒண்ணுமில்லன்னு ஆனப்புறம் எதுக்கு வந்த?" என்றேன்.

"இங்க வந்து உக்காந்தா யாரும் சோறு கேக்க மாட்டாங்க" என்றாள். பிறகு, நான் தப்பாக எடுத்துக்கொள்வேனோ என்று நினைத்தவள் போல, "மலை மேல ஏறி வந்து கேட்டா யாரா இருந்தாலும் கேப்பாங்கல்லா. நமக்கு முருகன். இவங்களுக்கு இவங்க. நான் ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவேன்" என்றாள்.

இன்னொரு விமானம் இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நான் அவள் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பொது இடம். பிடிக்கவில்லை. "கட்டி இப்ப இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "அப்பவே எடுத்தாச்சு" என்றாள். "தழும்பு?" என்றேன். "இருக்கு. கொசு கடிச்ச மாதிரி" என்றாள். நான் தலையாட்டினேன்.

நாங்கள் திரும்பிப் போனபோது பையனின் அம்மா பெஞ்சில் தனக்குப் பக்கத்து இடத்தைத் தட்டி என் மனைவியை உட்காரச் சொன்னார். மெழுகுவத்தி விற்ற பெண்மணி பேசியதை வைத்து அவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"எங்க பரம்பரையே சாந்தோம்தான். நானே ஆட்டோல வர்றேன். நீங்க படியில வர்றீங்க" என்றார். அதில் பாராட்டைவிடப் புகார்தான் அதிகம் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "அந்த எண்ணெய் கேக்குதா?" என்று கேட்டார்.

"ராத்திரி தேய்ச்சு, காலைல வெந்நீர் ஊத்தணும். வலது முட்டிக்குக் கேக்குது. இடதுக்கு அவ்வளவா இல்ல."

"எனக்கு இடதுதான் மோசம்."

அங்கிருந்து பேச்சு முட்டியிலேயே போனது. மாடிப்படி, தரையில் உட்கார்ந்து எழுவது, எந்த டாக்டர் ஆபரேஷன் என்கிறார், எந்த டாக்டர் வேண்டாம் என்கிறார். நாங்கள் ஆண்கள் இரண்டு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அது நடக்கப்போகிறது என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்கிருந்த ஒரே கூட்டாளி கைவிட்டுப் போனார்.

எல்லாம் சுமுகமாக முடியும் நேரத்தில் ஐஸ்காரர் என் மகளிடம் சந்தோஷமாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை ஆனா நம்ம வூட்டுக்கு வந்துடணும். வஞ்சிரம், சங்கரா, எது வோணும்னு சொல்லு. கடல்லருந்து நேரா சட்டிக்கு."

மகள் பையனைப் பார்த்தாள். பையன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். இந்த விஷயத்தை அவன் வீட்டில் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறான்.

"அங்கிள், நான் மீன் சாப்பிட மாட்டேன்."

ஐஸ்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. மதத்தைக் கேட்டபோது துண்டால் கழுத்தைத் துடைத்தவர் இப்போது துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சைவமா?"

"இல்ல, ஆட்டுக்கறி, கோழி எல்லாம் சாப்பிடுவேன். மீன் வாசனை மட்டும் ஆகாது."

"வாசனையா?" என்றார். அவர் வாழ்க்கை முழுக்க அந்த வாசனையில்தான் இருந்தவர். "எங்க வூடு பூரா அதாம்மா கீது."

பையனின் அம்மாகூட முட்டியை மறந்துவிட்டுப் பார்த்தார். நான் சின்ன வயதில் இவள் மீன் முள் தொண்டையில் சிக்கி ஒருநாள் முழுக்க அழுததைச் சொன்னேன். வாசனையில் கோபமில்லை, முள்ளில்தான் கோபம் என்று விளக்கினேன். கல்யாணத்தை நிறுத்த வந்தவன் அதைக் காப்பாற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் எனக்கு உறைத்தது. நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

ஐஸ்காரர் நெடுநேரம் ஓடுபாதைப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இறா?"

"இறா சாப்பிடுவேன் அங்கிள். அதுல முள் இல்லையே."

"நண்டு?"

"உடைச்சுக் குடுத்தா சாப்பிடுவேன்."

"ஒடைச்சுக் குடுக்கறதுக்குத்தான் இவன் கீறானே" என்று பையனைக் காட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல. இறாவும் கடல்லதான் கீது."

சம்பந்தம் முடிவானது அந்த வார்த்தையில்தான்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. காலையில் சாந்தோமில் ஜெபம், பிறகு எங்கள் பக்கத்து மண்டபத்தில் தாலி. கிறிஸ்தவக் கல்யாணத்தில் பெண் வெள்ளை உடுத்த வேண்டும் என்றார் பையனின் அம்மா. மணப்பெண்ணுக்கு வெள்ளையா என்று என் அக்கா கோவில்பட்டியிலிருந்து போனில் அழுதாள். நான் கடையில் பட்டுப் பிரிவு முழுவதையும் மனசுக்குள் பிரித்துப் போட்டுப் பார்த்து, சந்தனத்தில் ஒரு சேலை எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அது வெள்ளை. வெயிலில் மஞ்சள். சர்ச்சுக்குள் சம்பந்தியம்மா திருப்தியாக இருந்தார். மண்டபத்து வாசலில் என் அக்கா திருப்தியாக இருந்தாள். என் தொழிலறிவு வீட்டுக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான்.

கல்யாண அலைச்சல் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்.

"அடுத்து மலைக்குப் போகையில நானும் வரட்டுமா?"

அவள் எழுந்து விளக்கைத் துடைக்கப் போனாள். அவளுக்கு அதில் ஒரு நஷ்டம் இருந்தது என்று எனக்குப் புரிந்தது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள். "வாங்க. ஆனா எப்பவும் வேண்டாம். இடைக்கிடை வாங்க."

அதன்படி இடைக்கிடை போகிறேன். ரப்பர் செருப்புதான் போடுகிறேன். மேலே போனதும் அவள் சர்ச்சுக்குள் போவாள். நான் வெளியே இருப்பேன். சில நாள் நானும் உள்ளே போய், எங்கே கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வருவேன். பிறகு இரண்டு பேரும் விமானம் பார்ப்போம். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் அதை அசதி என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் வெளியூர்க் குடும்பம் ஒன்று மேலே வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி எழுந்து போய்க் கடலைக் காட்டினாள். குடிக்கிற தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொன்னாள். வெயில் கண்ணில் அடிக்காமல் எங்கே நின்று போட்டோ எடுக்கலாம் என்று அவர்களை இழுத்து நிறுத்தினாள். அந்தக் கணவர் கைகூப்பி, "ரொம்ப நன்றிம்மா. நீங்க இந்தக் கோயிலைச் சேர்ந்தவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் என் மனைவி. "மேற்கு மாம்பலம்."